கைதட்ட ஆள் தேவை!



அமெரிக்கா போனவர்கள் ஆண்டு மலருக்கு எழுதும் கட்டுரை என்றால் அதில் நயாகரா அருவி கட்டாயம் கொட்டும். சுதந்திர தேவி கையில் தீப்பந்தத்தோடு நிற்பாள். கடைசிப் பாராவில், "என்ன இருந்தாலும் நம்ம ஊர் இட்லிக்கு ஈடாகுமா?" என்று ஒரு பெருமூச்சு வரும். இந்தக் கட்டுரையில் அந்த மூன்றுமே கிடையாது. பயப்படாமல் படிக்கலாம்.

நான் சொல்லப்போவது ஒரு சின்ன ஊரில், ஒரு சின்னக் கல்லூரியில், சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நடக்கும் ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஆட்டத்தை விட அதைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி. 'நம்ம காலேஜ் மேட்ச்சுக்கு நாம போகாட்டி என்ன குடி முழுகிடும்?' என்று ஹாஸ்டல் கட்டிலில் புரண்டு படுக்கும் நண்பர்கள் மட்டும் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து படிக்கவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரத்தில் பி.இ. முடித்தேன். 2008-இல் கம்பெனி வேலையாக இண்டியானா மாநிலத்துக்குப் போனேன். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். தொழிற்சாலை இருந்த ஊரில் ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு சர்ச், ஒரு கல்லூரி. கல்லூரியில் மொத்தமே ஆயிரம் மாணவர்கள் இருந்தால் அதிகம். நம் பாலிடெக்னிக் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஃபுட்பால் என்றால் நம்ம ஃபுட்பால் அல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஃபுட்பால் என்றால் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் கூராக, தேங்காயைச் சீவி வைத்தது போல இருக்கும். நம்முடைய கால்பந்தை அவர்கள் 'சாக்கர்' என்பார்கள். மைதானம் கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 100 கெஜம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சி. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிராளியை மடக்கிப் பிடித்துக் கீழே தள்ளுவதைப் பார்த்தால் நம் சடுகுடுவுக்குத் தலையில் ஹெல்மெட் மாட்டிவிட்டது போல இருக்கும். ஆட்ட நேரம் 60 நிமிடம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும்.

இந்த ஆட்டத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது பந்து அல்ல, சங்கிலி! 10 கெஜம் போயாயிற்றா இல்லையா என்று எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? இரண்டு கம்புகள். இரண்டையும் இணைத்து மிகச் சரியாக 10 கெஜ நீளத்துக்கு ஒரு சங்கிலி. சந்தேகம் வந்தால் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆட்கள் சங்கிலியோடு மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். ஒரு கம்பை ஊன்றி, மறு கம்பை இழுத்துப் பிடித்ததும் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டினால் ஆரவாரம், ஒரு விரற்கடை குறைந்தால் "அடச்சே!" மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிபரோடு மல்லுக்கட்டிய நமக்கு இதைப் பார்த்தால் ஆனந்தம் வராதா? அங்கே தொழில்முறை ஆட்டங்களில் 2025 முதல் கேமராக்களே இந்த அளவை எடுக்கின்றன. சின்னக் கல்லூரிகளில் இன்றைக்கும் சங்கிலிதான்.

அந்தச் சங்கிலி ஆட்களில் ஒருவர் எங்கள் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்த பெரியவர். முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் கம்பு பிடித்தவர். என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனதும் அவர்தான்.

யானையும் எறும்பும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்றதும் டி.வி.யில் நாம் பார்ப்பது யானைகளை. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தையே கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம்! 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றாகிவிட்டது. முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் பணத்தில் 170 கோடி ரூபாய்க்கு மேல். அடேயப்பா!

எறும்புகளின் கதை வேறு. 1973-இல் கல்லூரி விளையாட்டுகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். அதில் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு பைசா உதவித்தொகை தரக்கூடாது என்பது சட்டம். படிப்புக்கும் குடும்ப நிலைமைக்கும் உதவித்தொகை உண்டு; பந்து விளையாடுவதற்குக் கிடையாது. இந்தப் பிரிவில் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் மட்டும் சுமார் 240. எங்கள் ஊர்க் கல்லூரி அதில் ஒன்று.

நண்பர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரிய கல்லூரியில் பார்க்க வருகிறவன் காசு கொடுக்கிறான். அந்தக் காசு ஆடுகிறவனுக்குப் போகிறது. சின்னக் கல்லூரியில் ஆடுகிறவன்தான் காசு கட்டுகிறான்! கல்லூரிக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, காலையில் உடற்பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி, இரவில் அசைன்மென்ட். சனிக்கிழமை உதை வாங்கி ஞாயிற்றுக்கிழமை நொண்டுகிறான். இதற்குச் சம்பளம்? கோட்டுக்கு வெளியே நின்று நாம் தட்டும் கை. அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

முதல் நாளே இதைப் பெரியவரிடம் கேட்டேன். "காசும் இல்ல, பேரும் இல்ல... அப்புறம் எதுக்கு சார் இந்தப் பசங்க ஆடுறாங்க?"

அவர் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "அதோ அந்தப் பையனைப் பாரு, எழுபத்திரண்டாம் நம்பர். அவன் பேர் எனக்குத் தெரியும். அவன் என்ன படிக்கிறான்னு தெரியும். அவன் அம்மா எந்த வரிசையில உட்கார்ந்திருக்காங்கன்னும் தெரியும். அது அவனுக்கும் தெரியும். போதாதா?"

ஒரு மணிக்காக ஒரு யுத்தம்

சின்னக் கல்லூரி ஆட்டம் என்றால் சப்பென்று இருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நவம்பரில் இண்டியானாவுக்கு வர வேண்டும். கிராஃபர்ட்ஸ்வில் என்ற ஊரில் வாபாஷ் கல்லூரி. ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி, ஆயிரம் பேர்கூட இல்லை. காரில் முக்கால் மணி நேரம் போனால் கிரீன்கேசில் என்ற ஊர். அங்கே டிபா பல்கலைக்கழகம். இரண்டுக்கும் 1890 முதல் போட்டி. இரண்டு ஊர் வழியாகவும் ஒரு காலத்தில் 'மோனன்' என்ற ரயில் பாதை போனது. அந்த ரயில் என்ஜினில் இருந்த மணி ஒன்றை 1932-இல் பரிசாக வைத்தார்கள். எடை 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ. ஜெயித்த கல்லூரி அந்த மணியை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். ரயில் கம்பெனி 1971-இல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து பெயரே இல்லாமல் போய்விட்டது. மணி மட்டும் இன்னும் அடிக்கிறது!

மணியைத் திருடுவதும் ஒரு கலையாகவே வளர்ந்தது. 1965-இல் வாபாஷ் மாணவன் ஒருவன் வேறு ஆள் போல நடித்து டிபா பல்கலைக்கழகத் தலைவரிடமே போய்ப் பேசி, மணி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டான். பிறகு நண்பர்களோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான். நம் ஹாஸ்டலில் பக்கத்து அறை பக்கெட்டைக் கிளப்புகிற வீரர்கள் கவனிக்க: 136 கிலோ!

வாபாஷ் அணியின் பட்டப்பெயர் 'லிட்டில் ஜயன்ட்ஸ்', குட்டி ராட்சசர்கள். 2001 நவம்பர் ஆட்டத்தில் ஸ்கோர் 21-21. கடைசி விநாடிகள். குட்டி ராட்சசன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டது போலப் பந்தை வெகுதூரம் வீசுகிறான். கூட்டத்துக்குள் ஒருவன் எகிறித் தட்ட, பக்கத்தில் நின்ற இன்னொருவன் கையில் பந்து விழுகிறது. 27-21. இன்றைக்கும் அந்தப் பக்கம் 'அந்த கேட்ச்' என்று சொன்னால் போதும், எந்த கேட்ச் என்று யாரும் கேட்பதில்லை. பழைய மாணவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை ஓரிடத்தில் கூடி டி.வி.யில் ஆட்டத்தைப் பார்ப்பது வழக்கம்.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சின்னக் கல்லூரிக்கு ஜான் காக்லியார்டி என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 2012-இல் ஓய்வு பெறும்போது அவர் ஜெயித்திருந்த ஆட்டங்கள் 489. கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு ஜெயித்ததில்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளக்கூடாது என்பது அவர் கட்டளை. விசில் ஊத மாட்டார். "என்னைக் கோச்சுன்னு கூப்பிடாதீங்க, ஜான்னு கூப்பிடுங்க" என்பார். பெரிய இடங்களுக்குப் போகாமல் அந்தச் சின்னக் கல்லூரியிலேயே 60 வருடம் இருந்துவிட்டு, 2018-இல் காலமானார். சின்ன இடத்தில் இருந்தால் சாதிக்க முடியாது என்று புலம்புகிறவர்கள் இவர் படத்தை மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

மாறிப்போன சனிக்கிழமை

நான் போன புதிதில் ஆட்ட நாள் எப்படி இருந்தது? வாசலில் ஒரு மடக்கு மேஜை. ஒரு பாட்டி தகரப் பெட்டியில் சில்லறை வைத்துக்கொண்டு காகித டிக்கெட்டைக் கிழித்துத் தருவார். பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதில் ஒவ்வொரு வீரனின் பெயர், உயரம், எடை, சொந்த ஊர், படிக்கும் பாடம் எல்லாம் அச்சாகியிருக்கும். கார் நிறுத்தும் இடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டிச் சாப்பாடு போடுவார்கள். முன்பின் தெரியாத எனக்கும் ஒரு தட்டு வரும். முப்பது பேர் பேண்டு வாத்தியம். அதில் ஊதுகிற ஒரு பையன் திங்கட்கிழமை மளிகைக் கடையில் எனக்கு பில் போடுவான். உள்ளூர் ரேடியோவில் வர்ணனை. மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் கால் பக்கம் செய்தி.

இப்போது மேஜை இல்லை, பாட்டி இல்லை. செல்போனில் டிக்கெட், கட்டத்தைக் காட்டினால் கதவு திறக்கும். புத்தகமும் போனுக்குள் போய்விட்டது. புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. மழை பெய்தாலும் சேறு இல்லை. ரேடியோ வர்ணனை நின்று, கல்லூரி மாணவர்களே கேமரா வைத்து இன்டர்நெட்டில் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். பேப்பரில் கால் பக்கம் தேய்ந்து நாலு வரியாகி, பிறகு அதுவும் இல்லை.

எல்லாம் வசதிதான். ஆனால் இருக்கைகளைப் பார்த்தால்தான் மனசு கனக்கிறது. ஊர்க்காரர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வீரர்களின் அப்பா அம்மாக்கள். மாணவர்கள் வருகிறார்கள், இடைவேளையில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் ஆளைக் காணோம்.

ஏன் இப்படி? செல்போன் மட்டும் காரணம் இல்லை. 1984-க்கு முன்பு, கல்லூரி ஃபுட்பாலை டி.வி.யில் எத்தனை ஆட்டம் காட்டலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சனிக்கிழமை சில ஆட்டங்கள் மட்டும்தான் டி.வி.யில். அந்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மடை திறந்துவிட்டது. இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு டி.வி. முன் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை யானைகள் மோதிக்கொண்டே இருக்கும். சோபாவில் சாய்ந்தபடி யானைச் சண்டை பார்க்கலாம் எனும்போது, குளிரில் நடந்து போய் எறும்பைப் பார்ப்பவன் யார்?

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2019 நவம்பரில் கோர்ட்லண்ட், இதாகா என்ற இரண்டு மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் தங்கள் வருடாந்தர ஆட்டத்தை நியூயார்க் பக்கத்தில் உள்ள மெட்லைஃப் ஸ்டேடியத்தில் வைத்தன. வந்தவர்கள் 45,161 பேர்! பழைய மாணவர்கள் மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்ல விஷயம்தான். ஆனா அது கல்யாணம் மாதிரி, ஒரு நாள். மத்த ஒன்பது சனிக்கிழமை குடும்பம் நடத்தணுமே, அதுக்கு யார் வருவாங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கல்லூரியே இல்லாத ரசிகர்

ஒருநாள் ஆட்டம் முடிந்து சங்கிலியைச் சாக்குப்பையில் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நீங்க இந்தக் காலேஜ்லயா சார் படிச்சீங்க?"

"இல்ல. நான் படிச்ச காலேஜ் இப்ப இல்ல. மூடிட்டாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஆடின கிரவுண்ட்ல இப்ப புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குது. அங்க போய் யாரைப் பார்க்கிறது? அதான் இங்க வரேன். என் காலேஜ் இல்லேன்னா என்ன, யாரோ ஒருத்தரோட காலேஜுக்காவது கம்பு பிடிக்கலாமே!"

நண்பர்களே, இது ஒரு தனி மனிதரின் சோகம் மட்டும் அல்ல. இண்டியானாவில் ரென்சலேர் என்ற ஊரில் செயின்ட் ஜோசப் கல்லூரி இருந்தது. புகழ்பெற்ற சிகாகோ பேர்ஸ் தொழில்முறை அணி முப்பது வருடம் கோடைப் பயிற்சி எடுத்தது அந்தக் கல்லூரி மைதானத்தில்தான். கடன் சுமையால் 2017-இல் அது வகுப்புகளை நிறுத்திக்கொண்டது. மிச்சிகன் மாநிலத்தில் 1896-இல் தொடங்கிய ஃபின்லாந்தியா பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. அலபாமாவில் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி எங்கே இருந்தது தெரியுமா? ஒஹையோ மாநிலத்தில், மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிக் கட்டப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது! கல்லூரி போய்விட்டது, சட்டையில் பெயர் மட்டும் இருந்தது, பையன்கள் ஆடினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சேர்க்கை குறைந்தால் சின்னக் கல்லூரிகள் தடுமாறும். அதனாலேயே பல கல்லூரிகள் புதிதாக ஃபுட்பால் அணி தொடங்குகின்றன. ஓர் அணி என்றால் நூறு பையன்கள். நூறு பையன்கள் என்றால் நூறு அட்மிஷன். கணக்கு சரிதான். ஆனால் அந்த நூறு பேரும் நாலு வருடம் தங்க வேண்டும் என்றால், 'நாம ஆடுறதைப் பார்க்க ஆள் இருக்கு' என்ற நினைப்பு வேண்டாமா? காலி இருக்கைகளுக்கு முன்னால் எத்தனை நாள் உதை வாங்குவான்?

கம்பு கை மாறியது

2020-இல் கொரோனா வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மூன்றாம் பிரிவின் தேசியப் போட்டிகள் ரத்தாயின. எங்கள் ஊர் மைதானத்தில் சனிக்கிழமை மதியம் காக்கை குருவிதான் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் திரும்பி வந்தபோது பெரியவரின் முழங்கால் திரும்பி வரவில்லை. சங்கிலி ஆள் ஓட வேண்டும். அவரால் நடக்கவே சிரமம்.

ஒரு மாலை என் வீட்டு வாசலில் கார் நின்றது. கையில் அவருடைய பழைய ஆரஞ்சு நிற மேல்சட்டை. "உனக்கு அளவு சரியா இருக்கும்" என்றார். அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை.

ஆமாம் நண்பர்களே! 2022 முதல் இண்டியானாவின் ஒரு மூலையில், ஒரு சின்னக் கல்லூரி மைதானத்தில், 10 கெஜச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நிற்பது நம் பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் டிப்ளமோ. முதல் ஆட்டத்துக்கு முன்னால் சங்கிலியை டேப் வைத்து அளந்து பார்த்தேன். பழக்கதோஷம்! 9.14 மீட்டர், மிகச் சரி.

பெரியவர் இப்போது வீட்டில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் ஆட்டம் பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கார் ஏறுவதற்குள் போன். "மூணாவது க்வார்ட்டர்ல கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சே. நேரா பிடி!" கேமரா ஆட்டத்தைக் காட்டினால் இவர் என் கம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! இன்னொரு வீரனின் பாட்டி ஆயிரம் மைல் தள்ளி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேரன் ஆடுவதைப் பார்த்ததாக அவன் அம்மா சொன்னார். இதையெல்லாம் பார்த்த பிறகு 'அந்தக் காலம் போல வருமா' என்று நான் ஒப்பாரி வைக்கத் தயாராக இல்லை. வர முடியாதவனுக்குக் கேமரா வரம். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, கால் நன்றாக இருந்தும், போனில் ஸ்கோர் மட்டும் பார்க்கிறானே... அவனுக்கு அது சாக்கு.

"வீட்டுல படம் தெளிவாத்தான் தெரியுது" என்று பெரியவர் ஒருமுறை சொன்னார். "ஆனா நான் கத்துறது அந்தப் பையனுக்குக் கேட்க மாட்டேங்குதே!"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நம்ம கிரவுண்டுக்கு வாங்க

இப்போது நம் கதைக்கு வருவோம். பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடக்கும் மண்டலப் போட்டிகளுக்கு நம் அணி போகிறது. பி.டி. சார் விடியற்காலையில் விசிலோடு நிற்கிறார். சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் வெயிலில் குனிந்தே நடக்கிறார். நம் பையன்கள் வொர்க்ஷாப் காக்கியைக் கழற்றிவிட்டு ஜெர்சி மாட்டுகிறார்கள். ஆன்-டியூட்டி கிடைத்தாலும் விட்டுப்போன லேபை அவர்கள்தான் திரும்பச் செய்ய வேண்டும். ரெக்கார்டு நோட்டை அவர்கள்தான் ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்றாம் பிரிவு வீரனும் இவர்களும் ஒரே ஜாதி. காசு கிடையாது, டி.வி. கிடையாது, நாளைக்குப் பேப்பரில் படம் கிடையாது. இருப்பது நாம் மட்டும்தான்.

நம் மாநிலத்திலும் சேர்க்கை குறைந்து மூடப்பட்ட பாலிடெக்னிக்குகள் உண்டு. அவற்றில் படித்தவர்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது. திரும்பிப் போய் நிற்க ஒரு மைதானம் இல்லை. நமக்கு இன்னும் இருக்கிறது. அதன் அருமை இருக்கும்போதே தெரிந்தால் நல்லது.

அதனால் மூன்றே மூன்று வேண்டுகோள். ஒன்று, அடுத்த மேட்ச் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எலக்ட்ரிக்கல், சிவில், மெக்கானிக்கல் என்று பிரியாமல் ஒன்றாக வாருங்கள். இரண்டு, அணியில் இருக்கிற பதினொரு பேர் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், "டேய் நம்பர் செவன்!" என்று கத்துவதற்கும், பெயர் சொல்லிக் கத்துவதற்கும் உள்ள வித்தியாசம் ஆடுகிறவனுக்குத் தெரியும். மூன்று, தோற்றுக்கொண்டிருந்தாலும் கடைசி விசில் வரை நில்லுங்கள். ஜெயிக்கிற அணிக்குக் கைதட்ட ஊரே வரும். 0-4 என்று இருக்கும்போது கைதட்ட, கூடப் படிக்கிறவன்தான் வர வேண்டும்.

இதற்குத் தகுதி? அரியர்ஸ் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கை, ஒரு தொண்டை. சம்பளம் கிடையாது, தாகத்துக்கு மைதானத்துப் பானைத் தண்ணீர் உண்டு.

கைதட்ட ஆள் தேவை. உடனே விண்ணப்பிக்கவும்!

— முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை